உடுத்திக் கழித்தவை

ஒரே உடம்பில் நான்கைந்து ஆண்டுகள் கிடந்த சட்டையில் அந்த உடம்பின் வழக்கங்கள் படிந்துவிடுகின்றன. மேசையில் கையூன்றி வேலை பார்ப்பவரின் சட்டை முழங்கையில் முதலில் நையும். எப்போதும் ஒரே தோளில் பை மாட்டுபவருக்கு அந்தப் பக்கத் தோள்தையல் மட்டும் தளர்ந்திருக்கும். முகம் மழித்த மறுநாள் முளைக்கும் முள்மயிர் உரசி உரசிக் காலர் மடிப்பில் நூல் பிரிந்து நிற்கும். பேனா கசிந்த பையின் அடியில் எத்தனை சலவைக்கும் போகாத நீலம் இருக்கும். புடவை என்றால் கொசுவம் செருகிய இடத்தில் வரிவரியாக மங்கலும், சாவிக்கொத்து தொங்கிய இடத்தில் சிறு கிழிசலும், தரையில் இழுபட்ட கரையில் மண்ணின் நிறமும் தெரியும். வெளியே வெளுக்கப் போட்ட பழங்காலத் துணியானால் உள் ஓரத்தில் சேங்கொட்டை மையால் இட்ட சலவைக்குறி அழியாமல் கிடக்கும். இவற்றோடு வாசனையும் உண்டு: இரும்புப் பெட்டியின் துரு, பாச்சை உருண்டை, வேர்வை, வேறொரு வீட்டுச் சோப்பு. பழைய துணி வாங்குகிறவர் இவை அத்தனையையும் சேர்த்தே காசு கொடுத்து வாங்குகிறார். முன்பின் தெரியாத ஒருவரின் தோலில் ஒட்டிக் கிடந்ததைத் தன் தோலில் மாட்டிக்கொள்ள மனம் வருவது ஒருபுறம் இருக்கட்டும். அதைத் தேடிப்போய்க் குவியலுக்குள் கைவிட்டு அளைந்து எடுப்பதில் இன்பம் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் கடினமான கேள்வி. விலை மலிவு என்ற விடை உடனே நாக்கில் வரும். வேறு வழியின்றி வாங்குகிறவரை அது விளக்கும். புதுச்சட்டைக்குக் கையில் காசு இருந்தும் பழையதையே தேடுகிறவரை விளக்காது.

தமிழ் மண்ணில் இந்தக் கேள்வி கூடுதலாகவே உறுத்தும். உடுத்தியவரின் வினையையும் துணி உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கே வேரோடியது. திருநள்ளாற்றில் சனிதோஷம் கழிக்க வருவோர் நளதீர்த்தத்தில் முழுகி, கட்டிவந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வேறு துணி மாற்றிக்கொண்டு போகிறார்கள். ராமேஸ்வரம் அக்னிதீர்த்தக் கரையிலும், தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்திலும் இதே வழக்கம் உண்டு. பாபநாசத்தில் ஆற்றோடு விடப்படும் துணிகள் பாறையிடுக்கிலும் மணலிலும் சிக்கிச் சேர்ந்து, தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளி வெளியேற்ற வேண்டிய அளவுக்குப் போய்விட்டது. அள்ளுகிறவரின் கையில் படுவது நனைந்த துணி. விட்டுப்போனவரின் கணக்கில் அது அவருடைய ஏழரைச் சனி. செத்தவரின் துணிமணிக்கும் இதே பயம் உண்டு. சில வீடுகளில் அவற்றை உடலோடு எரிப்பார்கள். சில வீடுகளில் காரியம் முடியும்வரை யாரும் தொடாமல் கொடியிலேயே கிடக்கும். புதுத்துணிக்குக் கிடைப்பது இதற்கு நேரெதிரான மரியாதை. மடிப்புக் கலையாமல் சாமிமுன் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் உடுத்துவது. தாலி கட்டும்போது கட்டிக்கொள்ளும் கூறைப்புடவையும் புதிது. பிணத்தின்மேல் உறவினர் போர்த்தும் கோடியும் புதிது. கல்யாணமும் சாவும் ஒருவர் கையும் படாத துணியையே கேட்கின்றன.

பிறப்பு மட்டும் பழந்துணியைக் கேட்கிறது. பச்சைக் குழந்தையைப் புதுத்துணியில் சுற்றுவதில்லை. தாத்தாவின் வேட்டியோ பாட்டியின் நூல்புடவையோ துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிப்போனதைத் தேடி எடுத்து, அளவாகக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, பேறுகாலத்துக்கு முன்பே மடித்து வைத்துவிடுவார்கள். காரணம் இழையில் இருக்கிறது. புதிய பருத்தித் துணியில் கஞ்சியும் மெருகும் ஏறியிருக்கும், இழை விறைத்திருக்கும், ஈரம் ஒட்டாமல் உருண்டோடும். பல நூறு சலவை கண்ட துணியில் நூலின் முறுக்குத் தளர்ந்து, இழை முனைகள் தேய்ந்து, தொட்டவுடன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூளி கட்டவும் பழம்புடவைதான் தோதானது. பழகிய வாசனையில் பிள்ளை தூங்கும் என்பார்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதும், அக்காவின் பாவாடை ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரிந்து நீண்டு, பிறகு தங்கைக்காகத் திரும்பவும் மடிக்கப்படுவதும், பிரித்த இடத்தில் வெயில் காணாத பட்டை ஒன்று அடர்நிறத்தில் தெரிவதும் பல குடும்பங்களின் நினைவில் இருப்பவை. தாய் இறந்த பிறகு பெண்மக்கள் அவள் புடவைகளைப் பங்கிட்டுக்கொள்ளும்போது சண்டை வருவது பட்டுப்புடவைக்காக மட்டும் அல்ல. அவள் அன்றாடம் கட்டிய சாயம்போன நூல்புடவைக்காகவும் வரும். துணி பழையது என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்பது இவற்றிலிருந்து தெளிவு. முன்பு உடுத்தியது யார் என்பதைப் பொறுத்தே அது அருமையாகவும் அருவருப்பாகவும் ஆகிறது. சொந்த இரத்தம் என்ற எல்லைக்குள் அது மென்மை. எல்லை தாண்டினால் தீட்டு.

அந்த எல்லைக்கு வெளியே பழந்துணிக்கு நெடுங்காலம் ஒரே திசைதான் இருந்தது: மேலிருந்து கீழே. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையை விதிக்கிறது. பணி செய்யும் சூத்திரருக்கு எச்சில் சோற்றோடு நைந்த துணியையும் கொடுக்கச் சொல்கிறது. நூலைப் படிக்காதவர்களும் வழக்கத்தைப் பின்பற்றினார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நிலக்கிழார் வீட்டு வாசலில் பண்ணையாட்கள் காத்து நிற்பதும், போட்டுக் கழித்த சட்டையும் வேட்டியும் திண்ணையிலிருந்து கீழே போடப்படுவதும் பல ஊர்களில் நடந்தவை. பெற்றுக்கொள்பவர் நிறம் கேட்க முடியாது, அளவு கேட்க முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கொடுத்தவர் அதே தெருவில் நடமாடுகிறார். தன் பழைய சட்டை இன்னொருவர் உடம்பில் போவதைப் பார்க்கிறார். பார்த்ததை நாலு பேர் முன் சொல்லவும் செய்கிறார். அப்படிப்பட்ட சட்டை உடம்பை மறைக்கும், கூடவே உடுத்தியவரின் இடத்தையும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். தானாக ஒன்றைத் தேர்ந்து உடுத்த முற்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளை மானுடவியலாளர் ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் பதிந்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1927இல், மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் பேசும்போது புடவையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டச் சொல்லியிருந்தார். உடுத்துவது யார் விருப்பம் என்பதே அன்றைய வழக்கு. கடன் வாங்கியாவது பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும் என்று ஏழை வீடுகள் துடித்ததை வீண்செலவு என்று ஒதுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1983இல் தமிழக அரசு பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை கொடுக்கத் தொடங்கியபோது நெசவாளருக்கு வேலை கிடைத்தது ஒரு பக்கம். மடிப்புக் கலையாத துணி ஏழையின் கைக்கு நேராக வந்தது என்பது அதைவிடச் சிறிய செய்தி அல்ல.

கொடுப்பவர் பெயரைத் துணியிலிருந்து கழற்றுவதற்கு ஒரு வழி ஏற்கெனவே தெருவில் வந்துகொண்டிருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தலையில் எவர்சில்வர் கூடையும் தோளில் துணிமூட்டையுமாக மத்தியான நேரத்தில், ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும்போது வருவார்கள். பேரம் நீளமானது. வீட்டுக்காரம்மா ஒரு தூக்குப்போணியின்மேல் கண்வைத்து மூன்று சட்டையையும் ஒரு புடவையையும் எடுத்துப் போடுவார். வந்தவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், அக்குளைத் திருப்புவார், பேண்ட்டின் பின்பக்கத் தையலை இரு கையாலும் இழுத்துப் பார்ப்பார், நூல்புடவையைத் தள்ளி வைத்துவிட்டு, ‘இன்னும் ரெண்டு பேண்ட்டு போடுங்கக்கா, அன்னக்கூடையே எடுத்துக்குங்க’ என்பார். பட்டு என்றால் கதையே வேறு. காஞ்சிபுரச் சரிகையில் பட்டிழையைச் சுற்றி வெள்ளியும் அதன்மேல் தங்கமுலாமும் இருப்பதால், நைந்துபோன கூறைப்புடவையை உருக்கி உலோகத்தைப் பிரித்தெடுக்க ஆள் தனியாக வருவார். மூட்டையில் சேர்ந்தவை தரம்பிரிந்து, துவைத்துத் தேய்த்து, பொத்தான் தைத்து, சந்தையிலும் நடைபாதையிலும் மறுபடி விலைக்கு வரும். டெல்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் சந்தைக்கு இப்படிப் பாத்திரம் கொடுத்துச் சேர்த்த துணிகளே வருகின்றன. அதை மானுடவியலாளர் லூசி நாரிஸ் விரிவாக ஆராய்ந்து 2010இல் நூலாக்கியிருக்கிறார். லண்டனிலும் இதே முறை இருந்ததற்கு 1851இல் பத்திரிகையாளர் ஹென்றி மேஹியூ எழுதிவைத்த பதிவு உண்டு. அங்கே தெருத்தெருவாகப் பீங்கான் பாத்திரம் சுமந்தவர்கள் அதைப் பழைய கோட்டுக்கு மாற்றிக்கொண்டு, மாலையில் ஹவுண்ட்ஸ்டிச் சந்தைக்குப் போனார்கள். பாத்திரம் என்ற இடைப்பொருள் செய்யும் வேலை பெரிது. கொடுத்தவருக்குத் தன் சட்டை எங்கே போயிற்று என்று தெரியாது. வாங்குகிறவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. சட்டை அதுவேதான், மூட்டைக்குள் போய் வந்ததும் அதில் ஒட்டியிருந்த இழிவு கழன்றுவிடுகிறது.

கழன்ற இடத்தில் வேறொன்று வந்து உட்காருகிறது. முன்பு உடுத்தியவர் யார் என்று தெரியாதபோது மனம் அவரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். 1836இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் லண்டனின் மன்மத் தெருப் பழந்துணிக் கடைகளைப் பற்றி எழுதிய கட்டுரை முழுக்க இந்த விளையாட்டுதான். ஒரு கடையில் தொங்கும் சில உடுப்புகளை ஒரே மனிதனுடையவை என்று வைத்துக்கொண்டு, பள்ளிச் சிறுவனின் இறுக்கமான உடுப்பிலிருந்து தொடங்கி அவன் வாழ்ந்து கெட்ட கதை முழுவதையும் துணியிலேயே படித்துவிடுகிறார். பழந்துணியின் ஈர்ப்பைப் பற்றி எழுதுகிற பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்: ஒவ்வொரு துணிக்கும் ஒரு கதை உண்டு, அந்தக் கதைக்காகவே வாங்குகிறோம் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கோட்டுப் பைக்குள் கிடக்கும் பழைய பேருந்துச்சீட்டும், காலரின் உள்ளே நூலால் தைத்த பெயரின் முதலெழுத்தும் யாரையும் ஒரு நொடி நிறுத்தும். ஆனாலும் டிக்கன்ஸ் அந்தத் தெருவில் வேடிக்கை பார்க்கப் போனவர். அதே கடையில் குளிருக்கு ஒரு கோட்டு வாங்க வந்த கூலிக்காரருக்குக் கதை தேவைப்பட்டிருக்காது. கோட்டின் உள்துணி கிழியாமல் இருக்கிறதா, இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்குமா என்பதே அவர் கேள்வியாக இருந்திருக்கும். கதையில்தான் ஈர்ப்பு இருக்கிறது என்றால், அந்தக் கூலிக்காரர் அடைந்த திருப்தி கணக்கில் வராமல் போகிறது. பழந்துணியை ரசிப்பது வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு, உடுத்துவது ஏழையின் கட்டாயம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் விஷயம் எளிதாகிவிடும். அந்தப் பிரிவினை சரியல்ல என்பதற்கு ஆப்பிரிக்கச் சந்தைகள் சான்று.

ஜாம்பியாவில் பழந்துணி வணிகம் 1980களின் கடைசியிலும் 1990களிலும் பெருகியபோது, லுசாகாவின் சந்தைகளில் நடந்ததை மானுடவியலாளர் கரேன் ட்ரான்பெர்க் ஹான்சன் ஆண்டுக்கணக்கில் கவனித்து 2000இல் நூலாக்கினார். அவர் காட்டும் வாங்குவோரில் பெரும்பாலானவர்கள் ஏழைகளும் நடுத்தர வருவாய்க்காரர்களும். அவர்களிடம் தாழ்வுணர்ச்சி இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த துணிப்பொதிகளான பேல்களைச் சந்தையில் எல்லார் கண்முன்னும் பிரிப்பார்கள். பட்டி அறுபட்டதும் முதலில் கைவைக்கக் கூட்டம் நெருக்கும். கசங்கி, அழுத்தி மடித்த தடத்தோடு இருக்கும் துணிக்கே மதிப்பு. துவைத்துத் தேய்த்துத் தொங்கவிட்ட துணியைச் சந்தேகிப்பார்கள்; உள்ளூரில் யாரோ உடுத்தி விற்ற மூன்றாம் கை என்று ஒதுக்குவார்கள். மடிப்புத் தடம் என்றால் கடல்தாண்டி வந்த பேலிலிருந்து நேராக எடுத்தது, தனக்கு முன் இந்த ஊரில் யாரும் போடாதது என்று பொருள். முன்பு உடுத்தியவர் கண்காணாத தேசத்தில் இருக்கிறார். தெருவில் எதிர்ப்பட்டு ‘இது என் சட்டை’ என்று சொல்லப்போவதில்லை. திருநள்ளாற்றில் துணியை விட்டுவிட்டு வருவதற்கும் லுசாகாவில் கசங்கிய சட்டையைத் தேடி எடுப்பதற்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றேதான் என்று தோன்றுகிறது: துணியோடு ஆள் ஒட்டிவருகிறார், அவரை எப்படியாவது தூரத்தில் நிறுத்த வேண்டும். தூரம் கிடைத்துவிட்டால் எஞ்சுவது தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். எடுத்ததை ஜாம்பியப் பெண்கள் அப்படியே போட்டுக்கொள்வதும் இல்லை. தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்து, இடுப்பைச் சுருக்கி, நீளத்தை ஊர்வழக்கத்துக்கு ஏற்ப இறக்கி, தனக்குத்தான் என்று ஆக்கிக்கொள்கிறார்கள்.

தேர்ந்தெடுப்பது என்றால் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி வேண்டும். ஈர்ப்பின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. புதுத்துணிக் கடையில் ஒரே சட்டை ஐந்து அளவில், நான்கு நிறத்தில் அடுக்கியிருக்கும். எடுத்துக் காட்ட ஆள் இருப்பார். வாங்க வந்தவர் சொல்ல வேண்டியது அளவும் விலையும் மட்டுமே. பழந்துணிக் குவியலில் எதுவும் இரண்டாவதாக இல்லை. அளவுச்சீட்டு சொல்வதை நம்ப முடியாது. பல சலவையில் சுருங்கியிருக்கும், அல்லது இன்னொரு நாட்டின் அளவாக இருக்கும். ஆகவே கை முதலில் போகிறது. விரல்நுனிக்கு லினன் குளிர்ச்சியாகவும், கம்பளி லேசான முரடாகவும், பாலியெஸ்டர் வழுக்கலாகவும் படும். பிறகு கண். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அக்குள், காலரின் உள்மடிப்பு, தொடைகள் உரசும் இடம், ஜிப்பின் அடிப்பல், காஜாவின் ஓரம் ஆகியவை பொய் சொல்லாத இடங்கள். கோடுபோட்ட சட்டையில் பையின் கோடும் உடலின் கோடும் சேர்ந்து நின்றால் தைத்தவர் பொறுமைக்காரர். தேர்ந்தவர்கள் வயதையும் சொல்வார்கள். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1971க்கு முந்தியது. அமெரிக்க உடையில் துவைக்கும் முறை சொல்லும் லேபிள் இல்லையென்றால், அது கட்டாயமான 1972க்கு முன்பு தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். டி-சட்டையின் கையோரத்தில் ஒற்றைத் தையல் ஓடினால் பெரும்பாலும் 1990களின் நடுவுக்கு முந்தியது. என்ன வேண்டும் என்று தெரியாமலே தேடுவதும், கையில் பட்டவுடன் இதுதான் என்று தெரிந்துவிடுவதும் விளம்பரம் கற்றுத்தர முடியாதவை. துணியைத் துணியாகப் பார்க்க, பெயரையும் விலைச்சீட்டையும் மறந்து இழையையும் தையலையும் பார்க்க இந்தக் குவியல் பழக்குகிறது. இதே பழக்கத்துக்கு ஒரு நோயும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது, மறுபடி கிடைக்காது என்ற இரண்டும் சேர்ந்து, உடுத்த உடம்பு ஒன்றுதான் என்பதை மறக்கடித்துவிடும். பழையதை மட்டுமே வாங்குகிறவரின் அலமாரியும் பிதுங்கி நிற்பது அதனால்தான்.

இந்தியாவில் இந்த ருசி இப்போது புதிய கைகளுக்கு வந்திருக்கிறது. சில்லிகுரி, இம்பால், கோஹிமா, ஷில்லாங் போன்ற ஊர்களில் வெளிநாட்டுப் பழந்துணிக் கடைத்தெருக்கள் பல காலமாக உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அங்கிருந்தும் பெருநகரங்களிலிருந்தும் இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் ஒற்றை ஒற்றைத் துணியாகப் படம் எடுத்துப் போட்டு, ‘தரிஃப்ட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் கல்லூரி மாணவர்கள் வாங்குகிறார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் இதில் சேராது. அங்கே இருப்பது ஏற்றுமதியில் தங்கிப்போன, தையல் பிசகிய புதுத்துணி. அதில் யாருடைய வேர்வையும் இல்லை. இன்ஸ்டாகிராமில் வருவது உடுத்தியது, உடுத்தியது என்று சொல்லியே விற்கப்படுவது, அதனாலேயே கூடுதல் விலைக்கும் போவது. இங்கேதான் தீராத உறுத்தல் ஒன்று இருக்கிறது. சாயம்போன, முழங்கை நைந்த சட்டையோடு ஒருவர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் அதை ரசனை என்று எடுத்துக்கொள்வதா இல்லாமை என்று எடுத்துக்கொள்வதா என்பதை அந்தச் சட்டை தீர்மானிப்பதில்லை. அவர் பேசும் ஆங்கிலம், நிறம், குடும்பப் பெயர், படித்த கல்லூரி ஆகியவை தீர்மானிக்கின்றன. பண்ணையார் வாசலில் பழந்துணிக்குக் காத்து நின்ற தாத்தாவின் பேத்தி முதல் சம்பளத்தில் மொடமொடவென்ற புதுச்சட்டை எடுத்துப் போடுகிறாள். அவளுக்குப் பழந்துணியின் அழகு தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் குடும்பம் அந்த அழகைத் தலைமுறைக் கணக்கில் உடுத்திப் பார்த்துவிட்டது. அதே வேளையில், பழந்துணி சிலருக்கு மட்டும் பெருமையாக ஆவது அநியாயம் என்பதற்காக அதை வெறுக்கச் சொல்வதும் சரியாகாது. இன்னாருடையது என்று தெரியாத, நன்றிக்கடன் இல்லாத, தானே பொறுக்கி எடுத்த துணியில் லுசாகாக்காரர் கண்ட மரியாதை அந்தப் பேத்திக்கும் உரியதுதான். கிடைக்காமல் தடுப்பது துணி அல்ல, பார்க்கிறவரின் கண். இது எப்போது மாறும் என்று சொல்லும் துணிவு துணிக்கடைக்காரர் யாருக்கும் இல்லை. சமூகவியலாளருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

குவியலின் மறுபக்கத்தில் சுமை இருக்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள காண்டமாண்டோ சந்தையில் வணிகர் பேலைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. 55 கிலோ பேலைக் கடன் வாங்கிய காசில் வாங்கி, கடையில் வைத்து அறுத்த பிறகே உள்ளே இருப்பது தெரியும். நல்லது பாதி இருந்தால் பிழைப்பு. கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன்மேல் கடன். நாட்டின் வடபகுதியிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள் அந்தப் பேல்களைத் தலையில் சுமந்து சந்தின் இடுக்குகளில் கொண்டுசேர்க்கிறார்கள். கழுத்தும் முதுகெலும்பும் சேதமாகின்றன. 2025 புத்தாண்டு இரவில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி எரிந்து போனது. விற்காத துணி கோர்லே காயல் வழியாகக் கடலுக்குப் போய், அலையில் முறுக்கிக் கயிறாகிக் கரையில் புதைகிறது. சிலியில் இக்கீக்கே துறைமுகத்துக்கு வரும் துணியில் மிஞ்சுவது அத்தகாமா பாலைவனத்து மணலில் கொட்டப்படுகிறது. தடுக்க முயன்ற நாட்டுக்கு என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. ருவாண்டா 2016இல் பழந்துணிமேல் கிலோவுக்கு 20 சென்டாக இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. 2018இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குக் கொடுத்திருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. வணிகர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் குறை ஒன்று உண்டு: பேலில் தரம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கும் மேல் இப்போது பாலியெஸ்டர். அது உடம்பின் எண்ணெய்ப்பசையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் துவைத்தாலும் வாடை முழுதாகப் போவதில்லை. பழகப் பழக மென்மையாவதும் இல்லை, பந்துபந்தாகத் திரள்கிறது. பாட்டியின் நூல்புடவை குழந்தைக்குத் தொட்டில் ஆனது அதன் இழையால். சில முறை உடுத்தித் தூக்கிப்போடத் தைத்த சட்டையில் அந்தப் பிந்திய வாழ்வு தொடக்கத்திலேயே இல்லை. பேல்களுக்குள் திருப்பூரில் தைத்த பனியன்களும் கிடக்கும். ஐரோப்பாவில் ஒரு கோடை கழித்து, உடுத்தியவரின் அடையாளம் ஏதும் ஏறாமலே அவை அக்ராவுக்கு வந்துசேர்கின்றன.

உடுத்த முடியாதது போகும் இடம் பானிப்பட். பழங்கம்பளியைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் முறையை 1813இல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தொழிலின் பெரும்பகுதி ஹரியானாவின் இந்த ஊருக்கு வந்துவிட்டது. உடுத்திய ஆடைகளை உடுத்தும் நிலையில் உள்நாட்டுக்குள் தாராளமாகக் கொண்டுவர இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. கந்தலாக வருவதற்குத் தடையில்லை. ஆகவே 1965இல் அமைந்த காண்ட்லா ஏற்றுமதி மண்டலத்திலும் பிற இடங்களிலும், மறுஏற்றுமதிக்குத் தேறாத நல்ல கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் உள்ளே வருவதற்கென்றே குறுக்கே வெட்டப்படுகின்றன. பானிப்பட்டில் பெண்கள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணை போன்ற நிலைக்கத்தியில் பொத்தானையும் ஜிப்பையும் லேபிளையும் அறுத்து எடுக்கிறார்கள். பிறகு நிறம்பிரிக்கிறார்கள், சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு சேர்ந்தால் சாயம் போட வேண்டாம். அங்கே எடுத்த ஆவணப்படம் ஒன்றில், 2012இல் வந்த மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’, அந்தப் பெண்கள் இத்தனை புதிய துணியை அயல்நாட்டார் ஏன் எறிகிறார்கள் என்று யோசிக்கிறார்கள். அங்கே தண்ணீர் விலை அதிகம் போலும், துவைக்க முடியாமல் எறிகிறார்கள் என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். டிக்கன்ஸ் மன்மத் தெருவில் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள், அவரைவிட அக்கறையோடு. உடுத்தியவர்களுக்குத் துவைக்க வழியில்லை என்றே அவர்களுக்குத் தோன்றுகிறது. பிய்க்கும் இயந்திரத்தின் பற்களில் போய் வெளிவரும் பஞ்சு நூலாகி, கனத்த கம்பளியாகி, வெள்ளமோ நிலநடுக்கமோ வந்த ஊர்களுக்கு நிவாரணமாகப் போனது நெடுங்காலம். இப்போது அந்தச் சந்தையையும் புதிய பாலியெஸ்டர் ஃப்ளீஸ் போர்வை பிடித்துவிட்டது. எடை குறைவு, விலையும் போட்டிக்கு நிற்கிறது. பானிப்பட்டின் பல ஆலைகளே ஃப்ளீஸுக்கு மாறிவிட்டன. வந்துசேரும் கந்தலிலும் கம்பளி குறைந்து கலப்பிழை கூடுகிறது. கலப்பிழையைப் பிய்த்தால் இழை குட்டையாகி நூலில் நிற்பதில்லை. அது மெத்தைக்குள் திணிக்கவோ எரிக்கவோ போகிறது.